சமபல அணிகள் மோதும் பிளே ஆஃப் ஆட்டமும் அதற்கு முந்தைய வாரமும்: டெக்ஸாஸ் பெற்றோர் அனுபவங்கள்

டாலஸுக்கு வடக்கிலிருந்து, வாத்தியக் குழு மாணவியின் தந்தை:

நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை பிற்பகலில், என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) அணி, தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் ஆட்டங்களின் மூன்றாம் சுற்றில் ஆடவிருக்கிறது. இந்த மாநிலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே அரசுப் பள்ளிகளின் போட்டிகளை 1910-இல் தொடங்கப்பட்ட யூ.ஐ.எல். என்ற அமைப்பு நடத்துகிறது. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை வகைப்படுத்தி, அருகருகே உள்ள பள்ளிகளைச் சேர்த்து ஒரு 'டிஸ்டிரிக்ட்' ஆக்குகிறார்கள். பருவம் முடியும்போது ஒவ்வொரு டிஸ்டிரிக்டிலும் முன்னணியில் நிற்கும் அணிகள் நவம்பர் நடுவில் பிளே ஆஃபுக்குள் நுழைகின்றன. அதன்பின் ஒரே ஒரு தோல்வி போதும், அந்த ஆண்டு முடிந்துவிடும். கடைசிவரை தாக்குப்பிடிக்கும் அணிகள் டிசம்பரில் ஆர்லிங்டனில் உள்ள ஏடி அண்ட் டி அரங்கில் மாநிலப் பட்டத்துக்காக ஆடும்.

எங்கள் அணிக்கும் எதிரணிக்கும் இடையே வேறுபாடு காண முடியாமல் நாங்கள் எல்லோரும் திணறிக்கொண்டிருக்கிறோம். இருவரும் பருவத்தில் ஒரே ஒரு முறைதான் தோற்றிருக்கிறார்கள். அதுவும் ஒரே அணியிடம், ஏறத்தாழ ஒரே புள்ளி வித்தியாசத்தில். அவர்கள் பந்தைச் சுமந்து ஓடுவதில் வல்லவர்கள். எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர், எறிவதில் வல்லவர். அவர்களுடைய தற்காப்பு வரிசை பருத்தது, எங்களுடையது வேகமானது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோர்கூட இதைப் பற்றித்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பைக் காரணத்தோடு சொன்னார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அதே வலுவுள்ள மறுகாரணம் ஒன்று உடனே கிடைத்தது.

மைதானத்தைத் தீர்மானிப்பதற்கே இரண்டு பயிற்சியாளர்களும் வெகுநேரம் பேசியதாகக் கேள்விப்பட்டேன். இருவருக்கும் பொதுவான ஓர் அரங்கை ஒப்புக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் நாணயம் சுண்டி, யாருடைய சொந்த மைதானம் என்று முடிவு செய்யலாம். இம்முறை இரு ஊர்களுக்கும் நடுவே உள்ள ஓர் அரங்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

மகள் கிளாரினெட் வாசிக்கிறாள். மார்ச்சிங் பேண்டுக்கான மாநிலப் போட்டி நவம்பர் தொடக்கத்திலேயே சான் அன்டோனியோவில் முடிந்துவிடுவதால், பிளே ஆஃப் வாரங்களில் அந்தப் பிள்ளைகள் மதிப்பெண் பற்றிய அச்சமின்றி, அணிக்காக மட்டுமே வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பில் இருக்கும் மகிழ்ச்சியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இப்படி இரு பக்கமும் சமமாக நிற்கும் ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ப்ளேனோவிலிருந்து, நெடுங்காலமாக இங்கு வாழும் உறுப்பினர்:

உங்கள் பதிவைப் படித்ததும் 1994 நவம்பர் 26 என் நினைவுக்கு வந்தது. அப்போது நான் ரிச்சர்ட்சனில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உடன் பணிபுரிந்தவரின் மகன் ப்ளேனோ ஈஸ்ட் பள்ளியில் படித்தான். அவர் அழைத்ததால் இர்விங்கில் இருந்த பழைய டெக்ஸாஸ் ஸ்டேடியத்துக்குச் சென்றேன். எதிரணி டைலர் நகரின் ஜான் டைலர் பள்ளி. இரண்டுமே அந்தப் பருவத்தில் அதுவரை தோல்வி காணாத அணிகள். உங்களுடையதைப் போலவே நன்றி நவிலல் வார இறுதி ஆட்டம்தான் அதுவும். அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் அவரும் மற்றவர்களும் நடத்திய வாதங்களைக் கேட்டு, ஆட்டத்தின் விதிகளையே பாதி கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

ஆனால் ஆட்டம் தொடங்கியபின் சமபலம் என்ற பேச்சே பொய்யாகிவிட்டதுபோல் தெரிந்தது. மூன்று நிமிடங்களே எஞ்சியிருந்தபோது டைலர் 41, ப்ளேனோ ஈஸ்ட் 17. எங்களைச் சுற்றியிருந்த பலர் எழுந்து வாகன நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நண்பர் மட்டும் மகனுக்காக உட்கார்ந்திருந்தார். நானும் அவருக்காக உட்கார்ந்தேன். ப்ளேனோ ஈஸ்ட் ஒரு டச் டவுன் எடுத்தது, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்துப் புள்ளி பெற்றது. புள்ளி எடுத்த அணி அடுத்துப் பந்தை எதிரணிக்கு உதைத்துத் தர வேண்டும்; ஆனால் அவர்கள் தொலைவுக்கு உதைக்காமல், தாங்களே பாய்ந்து கைப்பற்றும் வகையில் அருகிலேயே உருட்டிவிடும் ஆன்சைட் கிக்கை முயன்று, பந்தைப் பிடித்துவிட்டார்கள். மீண்டும் டச் டவுன், மீண்டும் ஆன்சைட் கிக், மீண்டும் பந்து அவர்கள் கையில். இப்படி மூன்று முறை நடந்தது. ஒரு முறை கைப்பற்றுவதே அரிது; மூன்று முறை அடுத்தடுத்துக் கைப்பற்றியதை நேரில் கண்ட பிறகும் நம்ப முடியவில்லை. 24 விநாடிகள் எஞ்சியிருக்கையில் ப்ளேனோ ஈஸ்ட் 44–41 என்று முன்னிலை பெற்றது. நண்பர் அழுதுவிட்டார்.

அதற்கடுத்த உதையை டைலரின் ராடரிக் டன் தம் அணியின் 3 கெஜக் கோட்டருகே பிடித்து, 97 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்தார். 48–44. டைலர் அந்த ஆண்டு மாநிலப் பட்டத்தையும் வென்றது.

அன்று முதல், இரு அணிகள் சமம் என்று யாராவது சொன்னால் நான் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிப் பேசுவதில்லை; உதைப்பவர்களையும் உதையைப் பிடிப்பவர்களையும் பற்றியே விசாரிக்கிறேன். ஓட்டத்திலும் எறிதலிலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் அணிகளைப் பிரிப்பது பெரும்பாலும் அந்தச் சில நொடிகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹூஸ்டன் அருகே உள்ள கேட்டி (Katy) நகரிலிருந்து, அணிக்காகப் பந்தை உதைக்கும் மாணவனின் தாய்:

மேலே எழுதிய அண்ணன் சொன்னது எங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான செய்தி. என் மகன் சிறுவயது முதல் சாக்கர், அதாவது நம்மூர்க் கால்பந்து, ஆடியவன். அந்தக் காலைப் பார்த்துத்தான் ஃபுட்பால் பயிற்சியாளர் அவனை அழைத்தார். ஆட்டம் முழுவதும் ஓரத்தில் நின்றிருந்து, சில நிமிடங்களுக்கு மட்டுமே களத்துக்குள் செல்லும் பிள்ளையின் தாய்க்குச் சமபல ஆட்டம் எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டும். எளிதில் வெல்லும் ஆட்டங்களில் அவன் உதைப்பதை யாரும் கவனிப்பதில்லை. இரு அணிகளும் சமம் என்று தெரிந்துவிட்டால், திங்கட்கிழமை முதலே வகுப்பிலும் கடையிலும் அவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கால் எப்படி இருக்கிறது?

பள்ளி மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு இடையே 23 அடி 4 அங்குலம் இருக்கும். கல்லூரியில் அது 18 அடி 6 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் எங்கள் பயிற்சியாளர் அகலத்தைப் பற்றிக் கவலைப்படச் சொல்வதே இல்லை. பந்தை வைப்பவனின் கையையும், பந்து தரையைத் தொடும் புள்ளியையும் மட்டும் பார் என்பார். அந்த வாரங்களில் நாங்கள் வீட்டில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டோம். அவனுடைய தாத்தா சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைக்கும்போதுகூட, 'பேரன்கிட்ட படிப்பைப் பத்தி மட்டும் கேளுங்க அப்பா' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். நன்றி நவிலல் நாளன்று காலையில் பயிற்சி செய்யும் பேறு, அந்த வாரம்வரை பிளே ஆஃபில் தோற்காமல் வந்த அணிகளுக்கே கிடைக்கிறது. பயிற்சியாளர்கள் அதை ஒரு விருதைப்போல் மதிக்கிறார்கள். பெற்றோரையும் அனுமதித்தால் கட்டாயம் செல்லுங்கள். சென்ற முறை பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பயிற்சி முடிந்தும் களத்தைவிட்டு வெளியே வர மனமின்றி நின்றார்கள். அடுத்த நாள் தோற்றால் அதுவே அவர்களுடைய கடைசிப் பயிற்சி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வென்றால் இன்னொரு வாரம் கிடைக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

மேற்கு டெக்ஸாஸின் மிட்லண்டிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. எங்கள் பகுதியில் 1988-இல் பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஆகிய மூன்று பள்ளிகள் டிஸ்டிரிக்டில் சமநிலையில் முடித்தன. பிளே ஆஃபில் இடமோ இரண்டுதான். நள்ளிரவில் பயிற்சியாளர்கள் கூடி நாணயம் சுண்டினார்கள், மிட்லண்ட் பள்ளி வெளியேறியது. இங்குள்ள முதியவர்கள் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்கள். உங்கள் பிள்ளைகளின் விதி களத்திலேயே தீர்மானிக்கப்படவிருக்கிறது என்பதற்காக நான் மகிழ்கிறேன். நேரம் முடிந்தும் புள்ளிகள் சமமாயிருந்தால், இரு அணிகளுக்கும் 25 கெஜக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வாய்ப்பு தருவார்கள். ஆகவே வீடு திரும்பும் நேரத்தை யாருக்கும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள்.

மீண்டும் வாத்தியக் குழு மாணவியின் தந்தை:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் காலைப் பயிற்சிக்குப் பெற்றோர் வரலாம் என்று இன்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது, நாங்கள் செல்கிறோம். எங்கள் அணியில் உதைப்பவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர் என்பதையும் இப்போதுதான் விசாரித்து அறிந்தேன். ஆட்டம் வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்கு. நுழைவுச் சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும் என்பதால் வர விரும்புவோர் இன்றே வாங்கிவிடுங்கள். நாங்கள் வாத்தியக் குழுவுக்கு அடுத்த பகுதியில் அமர்ந்திருப்போம்.