ஃபுளோரிடாவில் பழைய ஃபெலனி: ஓட்டுரிமை திரும்பக் கிடைக்குமா?

கேள்வி:
மைத்துனர் அமெரிக்கக் குடிமகன். 2006-ல் ஃபுளோரிடாவில் திருட்டு வழக்கு, ஃபெலனி (கடுமையான குற்றம்). சிறை இல்லை, புரொபேஷன் (சிறைக்குப் பதில் கண்காணிப்பு) மட்டும், அது முடிந்துவிட்டது. கோர்ட் கட்டணப் பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போயிருக்கிறது. ஓட்டுப் போடலாமா? துப்பாக்கி, ஜூரி விஷயம் என்ன? கலிபோர்னியாவுக்குக் குடிபோகும் யோசனையும் இருக்கிறது.

பதில் 1:
2018-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ஃபுளோரிடா மாநில அரசியலமைப்பின் நான்காவது திருத்தப்படி, கொலையும் ஃபெலனி பாலியல் குற்றமும் தவிர மற்றதற்கெல்லாம் தண்டனை முடிந்தாலே ஓட்டுரிமை தானாக வந்துவிடும். ஆனால் 2019 சட்டம் அபராதம், கோர்ட் செலவு, நஷ்டஈடு அத்தனையையும் தண்டனைக்குள் சேர்த்துவிட்டது. சிக்கல் அங்கேதான்.

தீர்ப்பு வந்த கவுண்டியின் கிளர்க் ஆபீஸில் தீர்ப்பு நகல் வாங்குங்கள். முதலில் அதில் ‘அட்ஜுடிகேஷன் வித்ஹெல்ட்’ (குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைத்தது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓட்டுரிமை போகவே இல்லை, பாக்கியைப் பற்றிக் கவலையும் வேண்டாம். இல்லையென்றால் அந்தத் தாளில் எழுதிய தொகைதான் கணக்கு. ஏஜென்சி 40 சதவீதம் வரை கமிஷன் ஏற்றலாம். அப்படிப் பின்னால் ஏறியது ஓட்டைத் தடுக்காது. ஆன்லைனில் இரண்டும் கலந்தே தெரியலாம், பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

பதில் 2:
பாக்கியை சிவில் லீன் (சொத்தின் மேல் பதியும் கடன்) ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். தீராது, அது கட்டாத கடன்தான். கட்ட வழியில்லை என்றால் அதே கோர்ட்டில் மனு போட்டு சமூக சேவை மணிநேரமாக மாற்றக் கேட்கலாம். நஷ்டஈடு இருந்தால் கிளர்க் லெட்ஜரை (கணக்குப் புத்தகத்தை) மட்டும் நம்பாதீர்கள். புரொபேஷன் காலத்தில் கட்டியது சிறைத்துறைக் கணக்கில் இருக்கலாம்.

வாக்காளர் அட்டை கைக்கு வந்தாலும் அது தகுதிக்குச் சான்று ஆகாது. 2022 ஆகஸ்டில் தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாகக் கைதானவர்களில் பலருக்கு அட்டை வந்திருந்தது. சந்தேகம் இருந்தால் மாநிலத் தேர்தல் பிரிவிடம் எழுத்தில் கருத்து கேட்டு வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். கடைசி நாள் தேர்தலுக்கு 29 நாள் முன்பு.

பதில் 3:
துப்பாக்கி தனிக் கதை. தண்டனை முடிந்து 8 வருடம் கழித்து கருணை வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் என்பது ஆளுநரும் கேபினட்டும்தான். ஆளுநர் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நடக்காது. வாரியத்தின் அனுமதி கிடைக்கும்வரை ஒரு தோட்டா வைத்திருந்தாலும் ஃபெடரல் குற்றம். ஜூரி உரிமையும் வாரியத்தின் கையில்தான்.

கலிபோர்னியாவில் சிறைக்குள் இல்லாவிட்டால் போதும், ஓட்டுப் போடலாம். ஃபுளோரிடா பாக்கி குறுக்கே வராது.

இதைப் படிக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கு: இது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. குடியுரிமை இல்லாமல் பதிவு செய்தால் நாடு கடத்தும் வழக்கில் போய் நிற்கும்.