வாரண்ட் இல்லாத சோதனை: 185(5) நகல் மனு மாதிரி தேவை

சீனியர்களுக்கு வணக்கம். வாரண்ட் இல்லாமல் நடந்த வீட்டுச் சோதனையின் பதிவு நகல் கேட்டு, வீட்டுக்காரர் சார்பில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 185(5)-இன்படி நகல் இலவசம். யாரிடமாவது மாதிரி மனு இருந்தால் அனுப்புங்கள்.

நிலவரம்: மகஜரில் (சோதனை இடத்தில் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) சோதனை தொடங்கிய நேரமே இல்லை. குற்றப்பத்திரிகையோடு வந்த வீடியோ, பீரோ திறந்து கிடக்கும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. சாட்சிகள் கையெழுத்துப் போடும் காட்சியும் கிடையாது. 105-ஆவது பிரிவு பட்டியல் தயாரிப்பு, கையெழுத்து இரண்டையும் சேர்த்தே பதியச் சொல்கிறது.

நாங்கள் முதலில் பிடிக்க நினைப்பது போலீஸ் எழுதும் வழக்கு நாட்குறிப்பைத்தான். சந்தேகத்துக்கான காரணமும் தேடும் பொருளும் சோதனைக்கு முன்பே அதில் ஏறியிருக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-இல் ‘உடனடியாக’ என்று மட்டும் இருந்தது. பின்னால் உட்கார்ந்து எழுதினார்களா என்பது கோர்ட் வரவு முத்திரைத் தேதியில் தெரிந்துவிடும்.

சட்டவிரோத சோதனையில் கிடைத்த சாட்சியத்தை ஒதுக்கும் அமெரிக்கத் தீர்ப்புகள் வேண்டாம். சோதனை சட்டவிரோதம் என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ள முடியாது என்று பூரண்மல் வழக்கிலேயே (1974) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நம்பகத்தன்மையைத்தான் உடைக்க வேண்டும்.

இரண்டு கேள்விகள்:

வீடியோ அனுப்ப 105 ‘தாமதமின்றி’ என்கிறது, மணிக்கணக்கு இல்லை. எத்தனை நாள் தாமதத்தை நீதிமன்றங்கள் குறையாக எடுத்திருக்கின்றன?

பாதியில் தொடங்கும் வீடியோவைக் காட்டி ஜாமீன் கிடைத்த உத்தரவு இருக்கிறதா? வழக்கு எண் போதும்.