ப்ரீ-ராஃபேலைட்டுகள்: முட்டுச்சந்தா, வாரிசு உண்டா?

கரிக்கோல்:
1848-ல் லண்டனில் ஏழு இளைஞர்கள் கூடி 'ப்ரீ-ராஃபேலைட் சகோதரத்துவம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர் ரஃபேலுக்குப் பிறகு ஓவியம் கெட்டுவிட்டது, லண்டனின் கலைக் கழகமான ராயல் அகாடமி சொல்லித்தருவது வெறும் சூத்திரம் என்பது அவர்கள் கட்சி. சரி, அப்புறம் என்ன ஆனது? ஐந்தே வருடத்தில் கூட்டம் கலைந்தது. ஏழு பேரில் ஒருவரான மில்லே 1853-ல் அதே அகாடமிக்குள் போய், 1896-ல் அதன் தலைவராகவே ஆனார். நடுவில் அவர் பேரன் சோப்புக் குமிழைப் பார்த்து நிற்கும் படம் பியர்ஸ் சோப்புக்கு விளம்பரமானது. பின்னால் வந்த எந்த ஓவியருக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள்? நாட்காட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் ஆகும், அவ்வளவுதான்.

மழைக்குருவி:
நவீன ஓவியம் என்றாலே பாரிஸ்தானா? அதைத் தாண்டிக் கொஞ்சம் பாருங்கள். பெல்ஜியத்து ஓவியர் ஃபெர்னான் க்னோஃப், ப்ரீ-ராஃபேலைட் வழியில் வரைந்த ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸை நேரில் அறிந்தவர், அவர் மேல் பித்துப் பிடித்தவர். 1891-ல் அவர் வரைந்த ஒரு படத்தின் தலைப்பே அந்த ஏழு பேரில் ஒருவரான ரோசெட்டியின் தங்கை கிறிஸ்டினாவின் கவிதை வரி. செம்பட்டை முடி, கனத்த தாடை, எதையும் பார்க்காத வெளிறிய கண்கள். அந்தப் பெண் லண்டனிலிருந்துதான் அங்கே போயிருக்கிறாள். அரூப ஓவிய முன்னோடி கண்டின்ஸ்கியும் தன் 'கலையில் ஆன்மிகம்' நூலில், உள்ளே இருப்பதைத் தேடியவர்கள் என்று ரோசெட்டியையும் பர்ன்-ஜோன்ஸையும் சொல்கிறார்.

கரிக்கோல்:
கண்டின்ஸ்கி அவர்களைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி பிரெஞ்சு ஓவியர்கள் செசானுக்கும் மத்தீஸுக்கும் போய்விடுகிறார். பெயர் சொன்னால் வாரிசா? இன்னொன்று, பர்ன்-ஜோன்ஸ் அந்த ஏழு பேரில் ஒருவரே இல்லை. 1848-ல் அவருக்கு 15 வயது. பக்கத்து வீட்டு நிலத்தைக் காட்டிப் பட்டா கேட்கிறீர்கள்.

நூலகப்பூனை:
அவர் ரோசெட்டியிடம் கற்றவர். குருவின் வழி சீடனுக்கு வந்ததைப் பக்கத்து வீட்டு நிலம் என்றால் எப்படி?

எனக்கு மில்லேயின் 'ஒபீலியா' ஓவியத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில் ஆற்றில் மூழ்கும் பெண் அவள். 1851-ல் மில்லே சர்ரே பக்கம் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செடிகொடிகளை முதலில் வரைந்தார். பெண்ணுக்கான இடத்தை வெறுமையாக விட்டுவைத்து, லண்டன் திரும்பிய பிறகுதான் எலிசபெத் சிடாலைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்தார். தொட்டிக்கு அடியில் விளக்குகள். அவை அணைந்தது தெரியாமல் அவர் வரைந்துகொண்டே இருக்க, சிடாலுக்குக் கடும் சளி. (சிடாலும் ஓவியர்தான். அதை யாரும் முதலில் சொல்வதில்லை.) வெள்ளைப் பூச்சின் மேல் மெல்லிய வண்ணம் வைத்ததால் அந்தப் பச்சை உள்ளிருந்து ஒளிர்கிறது. ஒரு இலைகூட மங்கலாக இல்லை. எல்லாமே ஒரே கூர்மையில் தெரிவதால் அது இயற்கைபோல இல்லை, கனவுபோல இருக்கிறது. கனவுகளை வரைந்த சர்ரியலிஸ்ட் ஓவியர் சால்வடோர் டாலி 1936-ல் 'மினோட்டார்' இதழில் ப்ரீ-ராஃபேலைட் பெண்களைப் புகழ்ந்து கட்டுரை எழுதியது சும்மா இல்லை.

பனங்கூடல்:
கரிக்கோல் அண்ணை, எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 1861-ல் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் கைவினை அலங்காரப் பொருட்களுக்கான நிறுவனம் தொடங்கியபோது ரோசெட்டியும் பர்ன்-ஜோன்ஸும் கூட்டாளிகள். பின்னர் மோரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகம் வைத்து, பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களோடு 1896-ல் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை அச்சிட்டார். கொழும்பில் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி தன் 'மத்திய காலச் சிங்களக் கலை' நூலை 1908-ல் இங்கிலாந்தில் அச்சிட்டது அதே அச்சு இயந்திரத்தில். மோரிஸை வாசித்துத்தான் அவர் எங்கள் கைவினைஞரைப் பார்த்தார்.

கரிக்கோல்:
தம்பி, நல்ல கதை. ஆனால் அது புத்தகம், கைவினை. நான் கேட்டது ஓவியம். க்னோஃபை ஒத்துக்கொள்கிறேன். நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன், அந்தத் தாடை அங்கேயிருந்து வந்ததுதான். டாலியை ஒத்துக்கொள்ள மாட்டேன், அவர் எதைத்தான் புகழவில்லை?

இங்கிலாந்துக்கே வாருங்கள். பர்ன்-ஜோன்ஸின் மங்கள வார்த்தை (மரியாளிடம் தேவதூதர் செய்தி சொல்லும் காட்சி) ஓவியத்தில் மரியாளாக நின்றவர் ஜூலியா ஸ்டீஃபன். அவர் மகள் வனெஸ்ஸா பெல் ஓவியரானார். 1910-ல் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை லண்டனில் செசானையும் வான்கோவையும் காட்டியதும் அந்தப் பக்கம் போய்விட்டார். சொந்த வீட்டிலேயே வாரிசு இல்லை.

மழைக்குருவி:
வனெஸ்ஸா போனார், உண்மை. ஆனால் 1912-ல் ஃப்ரை வைத்த இரண்டாவது கண்காட்சியில் ஆங்கில ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சரின் படமும் தொங்கியது. அவர் 1924 முதல் 1927 வரை வரைந்த 'குக்கம் உயிர்த்தெழுதல்' படத்தைத் தேடிப் பாருங்கள். கல்லறையிலிருந்து மனிதர்கள் எழுந்து வருகிறார்கள், சுற்றிலும் பூவும் புல்லும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்ததுபோல. ஒபீலியாவின் ஆற்றங்கரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

கரிக்கோல்:
பார்க்கிறேன். ஆனால் சோப்புப் படத்தில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லையே?