'கந்தோர்' எந்த மொழிச் சொல்?

கேள்வி:
பழைய யாழ்ப்பாணக் கடிதங்களில் 'தபாற்கந்தோர்', 'கந்தோருக்குப் போனார்' என்று வருகிறது. அலுவலகம் என்ற பொருள் இடத்தைப் பார்த்தாலே விளங்குகிறது. தூணைக் குறிக்கும் 'கந்து' என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சிலரும், போர்த்துக்கீசம் என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

பதில் 1:
'கந்து' பொருந்தாது. '-ஓர்' சான்றோர், முன்னோர் என ஆட்களைக் குறிக்கும் ஈறு. அது கட்டடத்துக்கு வராது. ஓசை ஒற்றுமையை மட்டும் நம்பினால் இப்படித்தான் வழி தவறும்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனையும் 1862இல் வந்த வின்சுலோ அகராதியையும் பாருங்கள். லெக்சிகன் யாழ்ப்பாண வழக்குகளுக்குத் தனிக்குறி இடும். அடுத்து, அந்த ஊரை ஆண்டவர்கள்: போர்த்துக்கீசர் 1619 முதல், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658 முதல், ஆங்கிலேயர் 1795 முதல். ஒல்லாந்த மொழியில் அலுவலகத்துக்குக் 'கன்தோர்' என்று பெயர். நெடில் ஓகாரம் அப்படியே நிற்கிறது. மெல்லினத்தை அடுத்த தகரம் தமிழில் இயல்பாகவே மென்மையாக ஒலிக்கும்.

பதில் 2:
தகர, டகரச் சோதனையையும் செய்து பாருங்கள். போர்த்துக்கீசர் தந்தது பொத்தான், ஆங்கிலேயர் தந்தது பட்டன். துவாலை, டவல் இரண்டும் அப்படியே. தகரம் வந்தால் ஆங்கிலத்தின் மீது சந்தேகம் குறையும். ஆனால் இந்தச் சோதனை போர்த்துக்கீசத்தையும் ஒல்லாந்தத்தையும் பிரித்துக் காட்டாது. அதற்கு அக்கம்பக்கத்து மொழிகள் வேண்டும். சிங்களத்தில் 'கந்தோருவ', இந்தோனேசியாவில் 'கந்தோர்', இரண்டும் அலுவலகமே. இரு நாடுகளுக்கும் பொதுவாக நெடுங்காலம் ஆண்டவர்கள் ஒல்லாந்தர். போர்த்துக்கீசத்தில் அலுவலகம் 'எஸ்கிரித்தோரியு'. அதிலிருந்து கந்தோர் பிறக்க வழியே இல்லை. எனக்கு இந்தச் சான்றுதான் மிக வலுவாகத் தெரிகிறது.

பதில் 3:
இரவல் சொல் பெரும்பாலும் கூட்டத்தோடு வரும். அதே ஆவணங்களில் 'நொத்தாரிசு' இருக்கிறதா என்று தேடுங்கள். போர்த்துக்கீச 'நொத்தாரியு'விலும் ஆங்கில 'நோட்டரி'யிலும் கடைசிச் சகரம் இல்லை. ஒல்லாந்த 'நோத்தாரிஸ்' சொல்லில் உண்டு.

ஆட்சிக் காலத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவேண்டாம். காணிப் பதிவேடான 'தோம்பு' ஒல்லாந்தர் காலத்தில் விரிவாக எழுதப்பட்டது, ஆனால் பெயர் போர்த்துக்கீசம். ஒல்லாந்தர் பதிவேட்டோடு பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். 'தபாற்கந்தோர்' மாதிரித் தொடர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். 'தபால்' வட இந்திய மொழிகளிலிருந்து வந்தது, 'கந்தோர்' ஒல்லாந்தம். ஒல்லாந்தர் போன பிறகும் இந்தச் சொல் புதுச் சேர்க்கைகளுக்கு இடம் கொடுத்ததற்கு அது சான்று.