பரணில் நாட்டுத் துப்பாக்கி கிடந்தால் எத்தனை வருடம்?

காப்பிக்காடு:
ஏற்காட்டில் பழைய தோட்ட வீடு கைமாறும்போது, பரணில் லைசென்ஸ் இல்லாத ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி அகப்பட்டால் என்ன தண்டனை? ஒரு வருடம் என்கிறார்கள், ஆயுள் என்றும் சொல்கிறார்கள். துருப்பிடித்துச் சுடாமல் கிடந்தாலும் வழக்கு வருமா?

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:
ஒரு வருடம் என்பது பழைய கணக்குங்க. 1959 ஆயுதச் சட்டத்தில் 2019-இல் திருத்தம் வந்தது, அந்த டிசம்பர் 14 முதல் அமல். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 25(1பி)(ஏ) பிரிவு: குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு, கூடவே அபராதம். 2 ஆண்டுக்குக் கீழே இறங்க வேண்டுமானால் நீதிபதி சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும். "திருத்தத்துக்கு முன்பிருந்தே வீட்டில் கிடக்கிறது" என்ற வாதம் எடுபடாது. வைத்திருப்பது தொடர் குற்றம், பிடிபட்ட நாள்தான் கணக்கு.

ஆயுள் வருவது வேறு வழியில். துப்பாக்கியை விற்றாலோ, கொல்லரிடம் கொடுத்துப் பழுது பார்த்தாலோ 25(1)(ஏ): குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகும். குழலை அறுத்துக் குட்டையாக்கினாலும் அதே தண்டனைதான். விசையை மட்டும் சரிசெய்து கொடுத்த பட்டறைக்காரருக்கும் துப்பாக்கியே செய்து விற்றவருக்கும் சட்டத்தில் ஒரே தட்டு. மலைக்கிராமங்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

துருவை நம்பாதீர்கள். 45-ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு. அரைநாள் வேலையில் சுட வைக்கலாம் என்றால் அது துப்பாக்கிதான்.

மகஜர் சாட்சி:
வழக்கு நிற்பதும் விழுவதும் காகிதத்தில். வைத்திருந்த குற்றத்துக்கு 39-ஆம் பிரிவின்படி மாவட்ட நிர்வாக நடுவர், அதாவது இங்கே கலெக்டர், முன் அனுமதி தர வேண்டும். அது இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. பிறகு தடய அறிவியல் அறிக்கை. கைப்பற்றிய இடத்தில் சீல் வைக்கவில்லை, மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பில்) எழுதிய குழல் நீளமும் ஆய்வுக்குப் போன பொருளின் நீளமும் ஒத்துப்போகவில்லை என்றால் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தது, அறிந்து வைத்திருந்தாரா என்பது. ஐந்து பேர் புழங்கும் வீட்டில் பரண் யார் கையில் இருந்தது என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும்.

ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட்டு மனம் வைக்க வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு, ஆயுள் வரை போகும் பிரிவு சேர்ந்தால் 90. அந்தப் பிரிவு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும்.

காப்பிக்காடு:
அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டால்?

அஸ்தம்பட்டி கறுப்புக்கோட்டு:
கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். வழியில் சோதனையில் சிக்கினால் ஒப்படைக்கப் போனேன் என்பதை நீங்கள்தான் விளங்க வைக்க வேண்டிவரும். இருந்த இடத்தில் விட்டுவிட்டு, வக்கீல் மூலம் எழுத்தில் தகவல் கொடுத்து, வி.ஏ.ஓ.வை வைத்துக்கொண்டு போலீஸை வரச் சொல்லுங்கள். எழுத்தில் ரசீது வாங்காமல் விடாதீர்கள். கெடு வைத்து "ஒப்படைத்தால் வழக்கில்லை" என்று போலீஸ் அறிவிக்கும் காலம் என்றால் நல்லது. ஆனால் அது அவர்கள் காட்டும் சலுகை, சட்டத்தில் எழுதிய மன்னிப்பு அல்ல. ஓடையில் வீசுவது இன்னும் மோசம், சாட்சியத்தை மறைத்த குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

இறந்தவர் பேரில் லைசென்ஸ் இருந்த துப்பாக்கி என்றால் கதை வேறு. 21-ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ வைத்துவிட்டு, வாரிசு தன் பேருக்கு விண்ணப்பிக்கலாம்.

மிளகுக்கொடி:
பன்றித் தொல்லைக்காக வேண்டும் என்பவர்களுக்கு நேர்வழியே இருக்கிறது. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு 13(3) பிரிவில் லைசென்ஸ் கேட்கலாம். மலைக்கு கலெக்டர், சேலம் மாநகருக்குள் போலீஸ் கமிஷனர். 2019-க்குப் பிறகு 5 ஆண்டு செல்லும். ஆனால் அந்த லைசென்ஸ் வேட்டைக்கு அனுமதி இல்லை. சேர்வராயன் மலையில் திரியும் காட்டெருமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சுட்டால் 3 முதல் 7 ஆண்டு, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அந்தத் துப்பாக்கியின் லைசென்ஸையும் கோர்ட்டு ரத்து செய்யலாம், அடுத்த 5 ஆண்டுக்குப் புதிது கிடைக்காது.