கத்திரி வெயில்ல புல்தரை முழுக்க கோரை, அம்மான் பச்சரிசி: இப்போ களைக்கொல்லி அடிக்கலாமா?

லாஸ்பேட்டை_பசுமை

வணக்கம். புதுச்சேரி, லாஸ்பேட்டை. வீட்டு முன்னாடி 3 சென்ட் புல்தரை. வெயில் படுற இடத்துல பெர்முடா, வேப்பமரத்து நிழல்ல பஃபலோ புல். மண் மணற்பாங்கு. போர் தண்ணி, கொஞ்சம் உப்பு. தினமும் சாயங்காலம் ஹோஸ்ல 10 நிமிஷம் அடிக்கிறோம். மெஷின்ல 2 செ.மீ. உயரத்துக்கு வெட்டுறோம். பிப்ரவரியில செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து மேலே தூவினோம்.

இப்போ மேற்குப் பக்கம் முழுக்க கோரை. நடைபாதை ஓரம் அம்மான் பச்சரிசி, அங்கங்கே புளியாரை, கேட் பக்கம் நெருஞ்சி. உரக்கடையில 2,4-டி எத்தில் எஸ்டர் 38 சதவீதம்னு ஒரு களைக்கொல்லி கொடுத்து, 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி போட்டு அடிச்சா எல்லாம் போயிடும்னு சொன்னாங்க. பக்கத்து வீட்டுல தக்காளியும் முருங்கையும் இருக்கு. அடிக்கலாமா? உப்பும் வினிகரும் கலந்து ஊத்தினா போதும்னும் ஒருத்தர் சொல்றார்.

---

மண்வெட்டி

பாட்டிலைத் திறக்காதீங்க. கடையில திருப்பி வாங்கிக்கிட்டா கொடுத்துடுங்க.

எஸ்டர் வகை வெயில்ல ஆவியாகும். 30 டிகிரியைத் தாண்டினாலே தெளிச்ச இலையிலிருந்து ஆவி கிளம்பி அக்கம்பக்கத்துக்குப் போகும், காத்தே இல்லாட்டியும் போகும். தக்காளி இதுக்கு ரொம்ப சென்சிடிவ். கொழுந்து முறுக்கிக்கும், இலை விசிறி மாதிரி மடியும், பூ உதிரும். முருங்கை, பருத்தி, மிளகாய் எதுவும் தப்பாது. மே மாசம் இங்கே காலை 8 மணிக்கே 30-ஐத் தாண்டிடுது.

நேரமும் ஒத்துவராது. மருந்து அடிக்கக் காத்து அடங்கியிருக்கணும். நம்ம கரையில மதியத்துக்குள்ள கடல் காத்து ஏறிடும், ராத்திரி வரைக்கும் விடாது. காத்து இல்லாத நேரம்னா விடியற்காலை மட்டும்தான். அப்போ அடிச்சா அடுத்த ஆறு மணி நேரம் புல் மருந்தோட வெயில்ல காயணும். 32 டிகிரிக்கு மேல 2,4-டி எந்த வடிவத்துல இருந்தாலும் பெர்முடாவே மஞ்சளாகும், நுனி கருகும். பஃபலோ புல்லுக்கு எந்தப் பருவத்துலயும் இது ஆகாது.

அளவும் கூடுதல். 40 மில்லியை 3 சென்ட்ல கொட்டினா ஏக்கருக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ மூலமருந்து விழும். புல்தரைக்கு அதுல பாதி போதும்.

இவ்வளவுக்கும் மேல, கோரை இதுக்குச் சாகாது. இலை கொஞ்சம் சுருளும், கிழங்கு அப்படியே இருக்கும்.

உப்பு, வினிகர் பத்தி: வினிகர் இலையை மட்டும் கருக்கும், வேர் திரும்பத் துளிர்க்கும். உப்பு மண்ணுலயே தங்கிடும். ஏற்கெனவே உப்புத் தண்ணி பாயுற தரையில இன்னும் உப்பா? நடைபாதைக் கல் இடுக்குல முளைக்கிறதுக்கு மட்டும் கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, அது போதும்.

---

நெல்லிக்குப்பம்_ரோடு

மேலே சொன்னது சரி. கோரைக்குத் தனி மருந்து இருக்கு, அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல கோரைதானான்னு உறுதி பண்ணுங்க. தண்டை விரல் நடுவுல உருட்டினா உருளாது, மூணு பட்டை கையில தட்டும். வெட்டின மூணாம் நாளே புல்லுக்கு மேல தலை நீட்டும். தோண்டினா கறுப்பா, நார் சுத்தின கிழங்கு சரம் சரமா கோத்திருக்கும்.

மருந்து ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் 75 சதவீதக் குருணை. செம்ப்ரான்னு கேட்டா கரும்பு அதிகமா போடுற பக்கத்து உரக்கடைகள்ல கிடைக்கும். லேபிள்ல கரும்பு, மக்காச்சோளம் மாதிரி பயிர்தான் இருக்கும், புல்தரைன்னு இருக்காது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. பெர்முடா, கொரியன் புல், பஃபலோ மூணும் இதைத் தாங்கும்.

அளவு ஏக்கருக்கு 36 கிராம். அதாவது சென்டுக்கு 0.36 கிராம், உங்க 3 சென்டும் கோரையா இருந்தாக்கூட மொத்தம் 1.1 கிராம்தான். சமையல்கட்டுத் தராசு இதைக் காட்டாது, நகை எடை போடுற சின்ன டிஜிட்டல் தராசு வேணும். டீஸ்பூன் கணக்குல போட்டுப் புல்லைக் கெடுத்தவங்கதான் அதிகம். தண்ணி சென்டுக்கு ஒன்றரை லிட்டர், ஆக நாலரை லிட்டர். கூடவே அயனி இல்லாத வகை ஒட்டுத்திரவம் லிட்டருக்கு 2.5 மில்லி. கோரை இலை மெழுகு பூசின மாதிரி வழுவழுன்னு இருக்கும், இது இல்லாம துளி உருண்டு கீழே போயிடும். 5 லிட்டர் கை ஸ்ப்ரேயரே போதும். அடிக்கிறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியை ஒரு சென்ட்ல அடிச்சு, உங்க நடைக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு அளந்துக்குங்க.

கோரைக்கு 3 முதல் 5 இலை இருக்கணும். முந்தின ரெண்டு நாளும் பிந்தின ரெண்டு நாளும் மெஷின் ஓட்டாதீங்க, இலை இருந்தாத்தான் மருந்து கிழங்குக்கு இறங்கும். அடிச்சு 4 மணி நேரம் தண்ணி படக்கூடாது. முந்தின நாள் விடியலிலேயே தரையை நல்லா நனைச்சுடுங்க. வாடின புல்லுல அடிச்சா கோரையும் மருந்தை இழுக்காது, புல்லும் அடி வாங்கும். பூச்செடி, காய்கறிப் பாத்தி பக்கம் துளிகூடப் போகக்கூடாது. வெட்டின புல்லை எருக்குழியில போடாதீங்க.

ஒரு வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். அப்புறம் நடுக்குருத்து மஞ்சளாகி, ரெண்டு மூணு வாரத்துல காயும். அவசரப்பட்டு நாலாம் நாளே ரெண்டாவது தடவை அடிக்கிறதுதான் வழக்கமான கோளாறு. தூங்கிக்கிட்டிருந்த கிழங்கு கண்டிப்பா முளைக்கும். ஆறு வாரம் கழிச்சு முளைச்ச இடத்துல மட்டும் இன்னொரு தடவை.

---

ஆரோ_களைக்கொத்து

மருந்து இல்லாமலும் கோரையை அடக்கலாம், ஆனா எல்லாரும் பண்ற மாதிரி பிடுங்கினா ஆகாது.

இலையைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தா, கிழங்குச் சரம் அறுந்து அடியிலேயே நிக்கும். சரத்தோட நுனிக் கிழங்குதான் மத்ததை முளைக்க விடாம அடக்கி வைக்குது. அது போனதும் பின்னாடி உள்ள ஒவ்வொண்ணும் தனித்தனியா முளைக்கும். ஒண்ணைப் பிடுங்கினா மூணு வருதுன்னு புலம்புறாங்களே, அது இதனாலதான். அதுக்காக அரைகுறையா விட்டுட்டாத்தான் நஷ்டம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அஞ்சாவது இலை வர்றதுக்குள்ள, விடாம எடுத்துக்கிட்டே இருந்தா கிழங்குல உள்ள மாவுச்சத்து தீர்ந்துபோகும். ஒரு கோடையோட முடியாது. 20, 30 சதுர அடிக்கு மேல பரவியிருந்தா ஆள் கூலி கட்டாது, நெல்லிக்குப்பத்துக்காரர் சொல்ற வழிக்கே போங்க.

புல் அறவே செத்து வெறும் கோரை மட்டும் நிக்கிற திட்டு ஏதாவது இருந்தா, அதுக்கு மே மாசம் மாதிரி நல்ல காலம் கிடையாது. கடப்பாரையால ஓரடி ஆழம் கிளறி, கட்டியை உடைச்சுக் கிழங்கை மேலே பரப்பி, தண்ணி காட்டாம ரெண்டு வாரம் விடுங்க. கோரைக்கிழங்கு மழைக்கெல்லாம் அசராது, ஆனா நல்லா காய்ஞ்சா சாகும். நம்ம ஊர்ல கோடை உழவு போடுறதே இதுக்குத்தான். கறுப்பு பாலிதீன் விரிக்காதீங்க, கோரை முனை ஊசி மாதிரி அதைக் குத்திக்கிட்டு வெளியே வந்துடும்.

---

லாஸ்பேட்டை_பசுமை

ரொம்ப நன்றி. எஸ்டரைத் திருப்பிக் கொடுத்துடறேன். அப்போ பச்சரிசி, புளியாரைக்கு என்ன பண்றது? தண்ணி தினமும் விடுறது தப்பா? வெயில் இந்தக் காய் காயுதே.

---

மண்வெட்டி

தினமும் பத்து நிமிஷம் விடுறதாலதான் இந்தக் கூட்டமே. மேல் ரெண்டு அங்குலம் எப்பவும் ஈரமா இருந்தா கோரை, புளியாரை, பொடுதலை மூணுக்கும் கொண்டாட்டம். அடியில ஈரம் இல்லாததால பெர்முடா வேர் மேலேயே நின்னு, ஒரு நாள் மோட்டார் ஓடலைன்னா சுருண்டுடும்.

கணக்கு இதுதான். ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. தண்ணின்னா 1 லிட்டர். உங்க 3 சென்ட் 121 சதுர மீட்டர். ஒரு தடவைக்கு 12 மி.மீ. விட்டா சுமார் 1,450 லிட்டர். இதை வாரத்துக்கு மூணு தடவை விடுங்க. மணல் மண்ணுங்கிறதால ரெண்டே தடவையா மொத்தமா விட்டா கீழே ஓடிடும். ஹோஸ்ல ஒரு பக்கெட் நிறைய எத்தனை நொடி ஆகுதுன்னு பார்த்தா மீதிக் கணக்கு வந்துடும். காலை 5 முதல் 7 மணிக்குள்ள முடிங்க. சாயங்காலம் விட்டா ராத்திரி முழுக்க இலை ஈரமா நின்னு பூஞ்சணம் பிடிக்கும்.

நீளமான ஸ்க்ரூடிரைவரை மறுநாள் குத்திப் பாருங்க. ஆறு அங்குலம் தடையில்லாம இறங்கினா ஈரம் போதும். புல் தண்ணி கேக்குறப்போ இலை நீளவாக்குல மடிஞ்சு நீலச்சாம்பல் நிறம் தட்டும், நடந்தா கால்தடம் எழும்பாம அப்படியே பதிஞ்சிருக்கும். அதுவரைக்கும் பொறுக்கலாம்.

அடுத்தது வெட்டு. 2 செ.மீ. கத்திரியில ரொம்பக் குட்டை. தரை தெரியுது, தரை சூடாகுது, அம்மான் பச்சரிசிக்கு வேண்டியதே சூடான, இறுகின, வெறும் தரைதான். 4 செ.மீ.க்கு ஏத்துங்க, பஃபலோவை 6 செ.மீ. ஒரு தடவைக்கு உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. பிளேடு மழுங்கியிருந்தா வெட்டின நுனி நார் நாரா கிழிஞ்சு ரெண்டு நாள்ல வெள்ளையாகும், அதைப் பார்த்துட்டு நோய்னு மருந்து தேடுறவங்க நிறைய. களை விதை பிடிச்சிருக்கிற இப்போதைக்கு வெட்டினதை வாரி வெளியே போட்டுடுங்க.

பச்சரிசி, புளியாரை ரெண்டையும் கையாலதான். தண்ணி விட்ட காலையில, கழுத்தை ரெண்டு விரலால தரையோட பிடிச்சுத் தூக்கினா பச்சரிசி ஆணிவேரோட வந்துடும். பால் கண்ணுல படாம பார்த்துக்குங்க, கையுறை நல்லது. புளியாரை கணுவுக்குக் கணு வேர் விடும், களைக்கொத்தால சுத்திக் கிளறணும். காய் முத்தினா தொட்டதும் விதை தெறிச்சு ஓடும், அதுக்கு முந்தியே எடுங்க.

யூரியா இப்போ கைநிறைய வீசாதீங்க. வேணும்னா 3 சென்டுக்கு 650 கிராம், இல்லைன்னா அம்மோனியம் சல்ஃபேட் ஒண்ணரை கிலோ, போட்ட கையோட தண்ணி. கடலோர மண்ணு காரத்தன்மை பக்கம் சாஞ்சிருந்தா எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்.

---

ஆரோ_களைக்கொத்து

உப்புத் தண்ணி விஷயத்தை விட்டுட்டாங்க. குரும்பாபேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துல மண்ணு, தண்ணி பரிசோதனை பத்திக் கேளுங்க. தண்ணியில உப்பு ரொம்ப ஏறினா புல் மெலியும், மெலிஞ்ச இடத்துல உப்பு தாங்குற களை வந்து உட்காரும். தரையில வெள்ளைப் பொருக்கு தெரிஞ்சா மூணு வாரத்துக்கு ஒரு தடவை வழக்கத்தைவிட மூணு மடங்கு தண்ணி ஒரேடியா விட்டு உப்பைக் கீழே தள்ளணும். ஜிப்சம் போடுறதுன்னா ரிசல்ட் பார்த்துட்டுப் போடுங்க.

மருந்து கலக்கவும் அந்த போர் தண்ணி வேண்டாம். 2,4-டியோட இன்னொரு வகையான அமைன், கடினத் தண்ணியில தயிர் மாதிரி திரிஞ்சு நாசிலை அடைக்கும். கேன் தண்ணி நாலரை லிட்டர்தானே.

கோரை எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, பிப்ரவரியில தூவின செம்மண்ணைத்தான் சொல்வேன். எரு சரியா மக்காம இருந்தா மாடு தின்ன விதையெல்லாம் முளைக்கும், ஏரி வண்டல்னா கோரைக்கிழங்கு இலவசம். அடுத்த தடவை மண்ணை 4 மி.மீ. சல்லடையில சலிச்சு, கொஞ்சத்தை ஒரு தொட்டியில போட்டுத் தண்ணி தெளிச்சு மூணு வாரம் பாருங்க. என்ன முளைக்குதோ அதுதான் உங்க புல்தரைக்கும் வரப்போகுது.

---

லாஸ்பேட்டை_பசுமை

தொட்டி யோசனை நல்லா இருக்கு. நெருஞ்சிக்கு?

---

நெல்லிக்குப்பம்_ரோடு

மஞ்சள் பூ தெரியறப்போவே நடுவேரைக் கீழே அறுத்துக் கொடியைச் சுருட்டி எடுத்துடுங்க. முள் காய் உதிர்ந்துட்டா பழைய சாக்கை ஈரமாக்கித் தரைமேல இழுங்க, முள்ளெல்லாம் அதுல குத்திக்கிட்டு வந்துடும். சாக்கோட கொளுத்திடுங்க. விதை வருஷக்கணக்குல மண்ணுல கிடக்கும், அதனால அடுத்த மழைக்கும் அதே இடத்தைப் பாருங்க.

அகலஇலைக் களை அப்பவும் மிச்சம் இருந்தா வடகிழக்குப் பருவமழை இடைவெளியில, நவம்பர், டிசம்பர்ல, பகல் 30 டிகிரிக்குள்ள இருக்கிற நாள்ல 2,4-டி அமைன் 58 சதவீதம், சென்டுக்கு 4 மில்லி, பெர்முடா பகுதியில மட்டும். வேப்பமரத்தடிக்கு வேண்டாம்.

---

மண்வெட்டி

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. செப்டம்பர் கடைசியில, மழை பிடிக்கிறதுக்குள்ள, பெண்டிமெத்தலின் 30 சதவீதம், சென்டுக்கு 13 மில்லி, மொத்தம் 40 மில்லியைச் சீரா அடிச்சு, அன்னைக்கே 12 மி.மீ. தண்ணி விட்டுடுங்க. பச்சரிசி, காக்காய்க்கால் புல் மாதிரி விதையில வர்றதெல்லாம் முளைக்கிறப்போவே நின்னுடும். ஏற்கெனவே நிக்கிற களையையும் கோரைக்கிழங்கையும் இது ஒண்ணும் பண்ணாது. புதுசா புல் பதிச்ச இடத்துல அடிக்காதீங்க, ஓடுகொடி வேர் ஊனாது. இப்போ கோடையில அடிச்சா சூட்டுல சீக்கிரம் சிதைஞ்சுடும், காசு வீண்.

அடிக்கிறப்போ கோலம் போடுற சிமெண்ட் தரை, வெள்ளைச் சுவர் பக்கம் கவனம். அந்த மஞ்சள் கறை லேசுல போகாது.