வெறும் பையாகத் திருப்பித் தராதவர்கள்

போர்க்கால நன்றிக் கடிதங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது காகிதத்தில் எழுதியதன்று. கோதுமை மாவு வந்த பருத்திப் பையில் ஊசியால் எழுதியது.

2018 கோடையில் அம்மா மதுரையிலிருந்து வந்து அயோவாவில் எங்களுடன் மூன்று மாதம் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவரை வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் பிறந்த ஊர் அது. இரண்டே அறைகள் கொண்ட அவருடைய வீட்டைப் பார்த்துவிட்டு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். அம்மா உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு மாவுப் பை. அதில் அச்சாகியிருந்த ஆலையின் பெயர் மேலேயே வண்ண நூல் ஓடியிருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மஞ்சள், சிவப்பில் பெல்ஜியக் கொடி, மறுபக்கம் அமெரிக்கக் கொடி, நடுவில் பிரெஞ்சில் நன்றி என்ற ஒற்றைச் சொல். அம்மா நாற்பது ஆண்டு தையல் வகுப்பு நடத்தியவர். கண்ணாடியை ஒட்டிக் குனிந்து பார்த்துவிட்டு, "சங்கிலித் தையல். ஓர் இடத்தில்கூட நூல் சுருங்கவில்லை. ஆலையின் பெயரை மறைத்துவிட்டுப் பூப் போடுவது இதைவிடச் சுலபம். அவள் மறைக்கவில்லை பார்" என்றார்.

யார் அவள் என்று கேட்டார். அங்கே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். பிறகு வீட்டில் தேடிப் படித்ததையும் இங்கே சேர்த்துத் தருகிறேன். முதல் உலகப் போரில், 1914 ஆகஸ்டில், ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கி வந்த நாடு அது. உள்ளே ஜெர்மானியர், கடலில் பிரிட்டனின் முற்றுகை. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அப்போது லண்டனில் இருந்த சுரங்கப் பொறியாளர் ஹூவர், அந்த அக்டோபரில் பெல்ஜிய நிவாரணக் குழுவைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ராட்டர்டாம் போன மாவு, அங்கிருந்து கால்வாய்ப் படகுகளில் ஊர் ஊராகச் சென்றது.

காலிப் பைகளையும் கணக்கு வைத்தார்கள். பருத்தியிலிருந்து வெடிமருந்து செய்யலாம் என்பதால், அவை ஜெர்மானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற அச்சம். எண்ணிச் சேகரித்த பைகள் தையற்கூடங்களுக்கும் பெண்கள் பள்ளிகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் போயின. சிலவற்றில் குழந்தைகளுக்கு உள்ளாடை தைத்தார்கள். சிலவற்றில் பூவேலை செய்து, லேஸ் வைத்து, நிவாரண நிதிக்காக விற்றார்கள், அல்லது உதவியவர்களுக்கே நன்றியாக அனுப்பினார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை நாம் வெறுமையாகவா திருப்பித் தருவோம்? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே கொடுப்போம்! பாவம், அவள் வீட்டில் சர்க்கரை இல்லை. நூல் இருந்திருக்கிறது" என்றார். காரில் திரும்பும்போது இருவரும் அதிகம் பேசவில்லை.

அங்கே பெல்ஜியக் குழந்தைகள் எழுதிய நன்றிக் கடிதங்களைப் பற்றியும் படித்தேன். ஆசிரியர் எழுதச் சொல்லி எழுதியவைதானே என்று பலர் அவற்றை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லிக்கொடுத்த வாக்கியமாகவே இருக்கட்டும். அதை எழுதிய பிள்ளை அன்று காலை தின்ற ரொட்டி சொல்லிக்கொடுத்ததன்று.

*

அக்கா, உங்கள் பதிவை பெல்ஜியத்தின் லூவன் நகரில் இருந்து படிக்கிறேன். இங்கே ஆய்வு மாணவனாக இருக்கிறேன். நான் தினமும் கடந்து போகும் பல்கலைக்கழக நூலகமும் ஒரு நன்றிக் கடிதம்தான். 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மானியப் படையினர் பழைய நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். லட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. அமெரிக்கர்கள் திரட்டித் தந்த பணத்தில் எழுந்த புதிய கட்டடம் 1928-இல் திறக்கப்பட்டது. பணம் தந்த பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்களைச் சுவர்க் கற்களில் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்துச் சதுக்கத்துக்கு ஹூவரின் பெயர்.

முதல் மாதத்தில் மழைக்கு அந்த முகப்பில் ஒதுங்கியபோதுதான் பெயர்களைப் படித்தேன். பிறகு தெரிந்துகொண்ட செய்தி என்னை இன்னும் உலுக்கியது. ஜெர்மானிய வெறி அழித்தது, அமெரிக்கக் கொடை மீட்டது என்ற பொருளில் ஓர் இலத்தீன் வாசகத்தை முகப்பில் பொறிக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் விட்னி வாரன் பிடிவாதமாக இருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் லாடூஸ் மறுத்துவிட்டார். சண்டை பெரிதாகி நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வாசகம் அங்கே ஏறவில்லை, கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. லாடூஸ் செய்ததுதான் சரி என்பேன். 1940 மே மாதம் மறுபடியும் போர் வந்து நூலகம் இரண்டாம் முறை எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள்.

*

தம்பி, இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவர் கேட்பது ஒன்றுதான். அந்தக் கற்களில் பெயர்களை எந்த வகை எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்? கிட்டப் போய், எழுத்து தெளிவாகத் தெரியும்படி இரண்டு மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். துணியில் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.